கம்ப்யூட்டர் சம்பந்தமாக மட்டும்

ஓசூர்,
2.2.2009

ராஜலட்சுமிக்கு,

இந்தக் கடிதம் கம்ப்யூட்டர் சம்பந்தமாக மட்டும். வேறு எதற்காகவோ எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று, இனி போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுத்தைப் பற்றி அன்று நான் எதுவும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பழுது விவரம்: நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில், கீழே வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் கேடயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வெள்ளையில் ஒரு பெருக்கல் குறி. வந்து மூன்று வாரம் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெரிதாகித் திரையின் நடுவில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதை அகராதி வைத்துப் படித்தேன். உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, யாரோ உங்கள் தகவல்களைத் திருடிக்கொண்டிருக்கிறார்கள், நாற்பத்து மூன்று வைரஸ்கள் இருக்கின்றன, உடனே பணம் கட்டி முழு ஆன்டிவைரஸை வாங்குங்கள் என்கிறது. முதல் நாள் நாற்பத்து மூன்று. இன்று அறுபத்து எட்டு.

யாரோ என்று அது சொல்கிறது. யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே கைவைத்த வெளியாள் ஒரே ஒருவன். 2006-ல் ரிப்பேர் பார்க்க வந்து, கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்த வருடம் என் வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனவன். அன்றைக்கே உள்ளே எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வைத்தவனையே எடுக்கச் சொல்.

இருபத்து நான்கு வருடம் கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் என்ன செய்தேனோ அதை இதற்கும் செய்திருக்கிறேன். மானிட்டரில் ‘தொடாதே’ என்று சிவப்பு அட்டை டேக் தொங்கவிட்டு, கீழே என் பெயர் எழுதியிருக்கிறேன். உன் அம்மா தூசி தட்டக்கூடக் கிட்டே போவதில்லை.

பதில் எழுதுவதானால் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் எழுது.

இப்படிக்கு,
வெ. மாடசாமி,
மெயின்டனன்ஸ் பிரிவு (ஓய்வு)


கெலமங்கலம்,
6.2.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

ராஜி எழுதுகிறேன். தபால்காரர் நீட்டிய கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் வைரஸ். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்து முடித்தேன். ஓசூரிலிருந்து இங்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம். உங்கள் கடிதம் வந்து சேர மூன்று நாள், நீங்கள் எழுத ஒன்றரை வருடம்.

கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

அப்பா, அந்தக் கேடயம் பொய். ஆன்டிவைரஸ் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கும் அதுதான் வைரஸ். நாற்பத்து மூன்றும் இல்லை, அறுபத்து எட்டும் இல்லை. உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று, அது அந்தக் கேடயம்தான். நம்மைப் பயமுறுத்திப் பணம் பிடுங்குவதற்காக எண்ணிக்கையை அதுவே ஏற்றிக்கொள்ளும். வேலியே பயிரை மேய்கிற கதை. இந்த மாதம் எங்கள் ரிப்பேர் கடைக்கு இதே மாதிரி நான்கு கம்ப்யூட்டர் பெட்டிகள் வந்துவிட்டன. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்போதைக்கு இரண்டு வேலை. இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். அது என்ன கேட்டாலும் ஓகே அழுத்தாதீர்கள்.

இவரைப் பற்றி எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டவில்லை. கேட்டு வாங்கி அவரே படித்துவிட்டார். “மாமா கையெழுத்து அச்சு கோத்த மாதிரி இருக்குதே” என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நம் வீட்டிலிருந்து என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை அப்பா. நானாகத்தான் நடந்து வந்தேன்.

ஆதாரம் இல்லாமல் ஆள் மேல் பழி போடுவது உங்கள் வேலையில் வழக்கமா? மை கம்ப்யூட்டரைத் திறந்து, சி டிரைவுக்குள் போய், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்பதற்குள் பாருங்கள். அந்தக் கேடயத்தின் பெயரில் ஒரு மஞ்சள் உறை, ஃபோல்டர் என்பார்கள், இருக்கும். அதன் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, கடைசியில் ‘ப்ராப்பர்டீஸ்’ என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். அது என்றைக்கு உள்ளே வந்தது என்று தேதியும் மணியும் காட்டும். 2006 என்று இருந்தால் நானே இவர் சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன்.

டேக் போட்டதைப் படித்தபோது என் சைக்கிள் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பில் பிரேக் அறுந்ததற்கு ஹேண்டில்பாரில் டேக் கட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டீர்கள். அம்மா கடையில் கொடுத்துப் பிரேக்கை மாற்றி வாங்கி வந்தும் நான் தொடக் கூடாது. “டேக்குல எவன் பேரு இருக்கோ அவந்தான் கழட்டணும். ராஜாவே வந்தாலும் தொடப்படாது” என்று கோவில்பட்டித் தமிழில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு நான் பள்ளிக்கு நடந்தே போனேன்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இது கம்ப்யூட்டர் சம்பந்தம் இல்லைதான். பதில் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

உங்கள் மகள்,
ராஜி


ஓசூர்,
11.2.2009

ராஜலட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அம்மா அதை நான்கு முறை படித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். நான் செய்முறையைப் பார்க்க வேண்டும் என்றால் அவளைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அலாரம் பழுதாகும், ஒத்துக்கொள்கிறேன். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் போகும், அல்லது சும்மா அடித்துத் தொலைக்கும். அலாரமே திருடனாக இருக்கும் என்பதை இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன். பிளான்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு நிமிடத்துக்குள் போய் அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். ‘பார்த்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன்’ என்று அர்த்தம். அழுத்தாதவனுக்கு மெமோ. நான் ஒரு நாளும் மெமோ வாங்கியதில்லை. அந்தப் பழக்கத்தில் இந்தக் கேடயம் எழும்பும்போதெல்லாம் ஓகே அழுத்தி, தேதி மணியோடு நோட்டில் குறித்து வந்தேன். நூற்றுப் பதினேழு முறை. நூற்றுப் பதினேழு முறையும் திருடனைப் பார்த்து ‘ஆகட்டும் ஐயா’ என்று சொல்லியிருக்கிறேன் என்கிறாய். அந்த நோட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் சென்னகிருஷ்ணன் என்பவரைக் கூட்டி வந்து காட்டினேன். உட்காரக்கூட இல்லை. “ஃபார்மட் அடிச்சிடலாம் சார். உள்ள இருக்கிறதெல்லாம் பூடும், மெஷின் புதுசாட்டம் ஆயிடும்” என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். உள்ளே என் ஸ்பேர்ஸ் லிஸ்ட், மெஷின் உதிரிபாகப் பட்டியல், இருக்கிறது, அது போகக் கூடாது.

நீ சொன்ன தேதியைப் பார்த்தேன். 14 ஜனவரி 2009, காலை 11.20 என்று இருக்கிறது. கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பாக ஓடலாம் என்று சந்தேகப்பட்டு ரேடியோவோடு ஒப்பிட்டேன். தப்பாக ஓடவில்லை. 2006 அல்ல என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

எடுப்பது எப்படி என்று வரிசையாக எழுது.

வெ. மாடசாமி


கெலமங்கலம்,
15.2.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த ஜனவரி பதினான்கு பொங்கல். பதினொன்று இருபதுக்குப் பொங்கல் பொங்கி, படைத்து முடித்து, நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காரும் நேரம். மற்ற நாளிலேயே கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர் பொங்கலன்று அதில் என்ன தேடினீர்கள்? இந்த மாதிரிக் கேடயம் தானாக வராது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது ‘இதை இறக்கிக்கொள்’ என்று கேட்கும், நாம் சரி என்றால்தான் உள்ளே நுழையும். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தால் மறுபடி வராமல் தடுக்கலாம் என்று இவர்தான் கேட்கச் சொன்னார்.

இன்னொரு குழப்பம். எனக்குத் தெரிந்து அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது என் காலேஜ் படங்களும், நாம் மூவரும் திருச்செந்தூர் போய்வந்த படங்களும்தான். ஸ்பேர்ஸ் லிஸ்டை எப்போது ஏற்றினீர்கள்?

சரி, செய்முறை. ஆஃப் செய்துவிட்டு ஆன் பண்ணுங்கள். ஆன் ஆனதுமே, படம் எதுவும் வருவதற்குள், மேல் வரிசையில் எஃப் எட்டு என்ற பொத்தானை விடாமல் தட்டுங்கள். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். ‘சேஃப் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். பிறகு ஸ்டார்ட், ரன். அந்தக் கட்டத்தில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று எட்டு எழுத்து அடியுங்கள். வரும் பெட்டியில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற தலைப்புக்குக் கீழே கேடயத்தின் பெயருக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுங்கள். பிறகு நீங்கள் தேதி பார்த்தீர்களே, அந்த உறையை அழித்துவிடுங்கள். கடைசியாக இத்துடன் அனுப்பியிருக்கும் சிடியைப் போட்டு ஓடவிட்டால், மிச்சம் மீதி இருப்பதை அது பெருக்கித் தள்ளிவிடும். சிடியை இவர்தான் எழுதிக் கொடுத்தார். “மாமா மெஷின்காரரு, ஒரு தபா சொன்னா புடிச்சிக்குவாரு” என்றார்.

இங்கே இவருடைய பெரியப்பா தோட்டத்தில் யானை புகுந்து கோஸை மிதித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் அதைத் தெலுங்கில் திட்டிவிட்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலும் ஒரு முறை திட்டுகிறார்கள்.

அம்மாவை வென்னீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் தனக்கென்றால் சோம்பேறி, நீங்கள்தான் வைத்துக் கொடுக்க வேண்டும்.

ராஜி


ஓசூர்,
20.2.2009

ராஜிக்கு,

சிடி இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. தபால் முத்திரை சரியாக அதன் நடுவில் விழுந்திருக்கிறது.

மற்றதைச் செய்தேன். எதுவும் நீ எழுதியபடி நடக்கவில்லை. எஃப் எட்டைத் தட்டத் தட்ட இரண்டு முறை சாதாரணமாகவே திறந்தது. மூன்றாவது முறை கறுப்பாகி, நான்கு மூலையிலும் ‘சேஃப் மோட்’ என்று எழுதிக்கொண்டு, எழுத்தெல்லாம் கண்ணாடி போடாதவனுக்குக் காட்டுவது போலப் பெரிதாக வந்தது. பாதுகாப்பு என்று பெயர், பார்த்தால் துக்க வீடு மாதிரி இருக்கிறது. இப்படித்தான் இருக்கும் என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். அரை மணி நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எட்டு எழுத்தை அடித்தேன். பட்டியலில் பதினாறு பெயர்கள். எது வீட்டு ஆள், எது திருட்டு ஆள் என்று எப்படித் தெரியும்? ஒன்றின் பெயர் சரியாகவே இல்லை, அதன் டிக்கை எடுத்தேன். திரும்ப ஆன் செய்தால் கேடயம் ஜம்மென்று இருக்கிறது, பக்கத்தில் இருந்த சின்ன ஒலிபெருக்கிப் படத்தைக் காணோம். கள்ளனை விட்டுவிட்டுக் காவல்காரனை அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. வைரஸ் எண்ணிக்கை இப்போது நூற்று நான்கு. பொய் என்று நீ சொல்லியும், அது ஏறும்போது எனக்குப் பகீர் என்கிறது. பழகிய கண்.

நேற்று இதன் முன்னால் உட்கார்ந்து, இனி எந்த விளக்கை நம்புவது என்று யோசித்தேன். இருபத்து நான்கு வருடத்தில் அப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை.

படங்கள் உள்ளே பத்திரமாகத்தானே இருக்கும்? உன் அம்மா கேட்கிறாள்.

ஒத்தடம் கொடுத்தேன். பரவாயில்லை என்கிறாள்.

மாடசாமி


கெலமங்கலம்,
24.2.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

படங்கள் பத்திரமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கேட்டது அம்மாதான் என்றால்.

இந்த முறை சிடியைத் தபாலில் போடவில்லை. இவர் ஓசூருக்கு ஒரு பிரின்டர் வாங்க வருகிறார், கையோடு கொடுத்துவிடுவார். பட்டியலில் நீங்கள் எடுத்த டிக்கைத் திரும்பப் போடுங்கள், ஒலிபெருக்கி வந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்த உறையில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். நீங்கள் தேதி பார்த்த உறையின் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அதுதான் கள்ளன். அதன் டிக்கை எடுத்துவிட்டு, உறையை அழித்துவிட்டு, சிடியைப் போடுங்கள். அவ்வளவுதான். முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்று எழுதத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கு வேண்டுமென்றேதான் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். எந்த வரி கள்ளன் என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லாமல் விட்டதும் மறந்து போனதால் அல்ல. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் நீங்கள் ஒரே நாளில் சரி செய்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு எனக்கு ஏன் எழுதப் போகிறீர்கள்?

உங்களைக் குழப்பியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கும் குழப்பம்தான். கோபமாக இருக்கும் அப்பாவின் கடிதத்துக்காக ஒருத்தி ஏன் தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே நிற்க வேண்டும்? எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அப்பா. கம்ப்யூட்டர் சரியானாலும் ஆகாவிட்டாலும்.

ராஜி


ஓசூர்,
2.3.2009

அன்புள்ள ராஜிக்கு,

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்குக் கேடயம் போனது. ஒலிபெருக்கியும் திரும்பி வந்துவிட்டது. நூற்றுப் பதினேழு எழுதியிருந்த நோட்டில், கீழே கோடு போட்டு, ‘பழுது நீக்கப்பட்டது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு உட்கார்ந்தால், அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ பயந்தது சரிதான். எனக்கும் அதே பயம் இருந்திருக்கிறது, தெரியாமல் போய்விட்டது.

ஸ்பேர்ஸ் லிஸ்ட் எதுவும் அதில் இல்லை. அது என் பழைய டைரியில் இருக்கிறது. ஃபார்மட் என்றதும் எனக்குத் திருச்செந்தூர்க் கடற்கரையில் நீ ஈரப் பாவாடையோடு நிற்கும் படம்தான் ஞாபகம் வந்தது. அதை அந்த ஆளிடம் சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு உன்னிடமும் அதையே சொன்னேன்.

பொங்கலன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். படைத்து முடித்ததும் எதிர்வீட்டு ஜோதிமணி பொங்கல் வாங்கிக்கொள்ள வந்தாள். “ராஜி போட்டோ எல்லாம் இன்டர்நெட்டுல இருக்கு பெரியப்பா, பட்டுப்புடவை கட்டிக்கினு நிக்கிறா” என்றாள். உன் அம்மா கோயிலுக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆங்கிலத்தில் உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். உலகத்தில் இத்தனை ராஜலட்சுமிகளா என்று மலைப்பாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில், படம் பார்க்க இதை இறக்கிக்கொள் என்று வந்தது. நீதான் அதற்குள் இருக்கிறாய் என்று நினைத்து அழுத்தினேன். நீ வரவில்லை. கேடயம்தான் வந்தது.

ஆக, கதவைத் திறந்து திருடனை உள்ளே விட்டவன் நான். பழி போட்டது இன்னொருவர் மேல். அது தப்பு. அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

அவர் சிடி கொண்டுவந்த அன்று நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா கேட்டைத் திறந்து உள்ளே வரச் சொல்வது கேட்டது. அவர் ஓரடிகூட உள்ளே வைக்கவில்லை. “மாமா வாயால வான்னு ஒரு வார்த்தை வரட்டும் அத்தை. அப்ப வர்றதுதான் அவருக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை” என்றார். நல்ல பதில். என் இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கூப்பிடலாம் என்று துணியைப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

டேக் விஷயம் உனக்குச் சின்ன வயதில் சொன்னது பாதிதான். ஏன் போட்டவனே கழற்ற வேண்டும் என்றால், மெஷினுக்குள்ளே அவன் கை இருக்கும். வெளியே இருப்பவன் வேலை முடிந்தது என்று தானாக நினைத்து டேக்கைக் கழற்றி சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவன் கை போய்விடும். அதனால் ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும்.

உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று ஒரு டேக் போட்டேன். அதில் என் பெயர் இருக்கிறது. உன் அம்மா எத்தனையோ முறை கழற்றப் பார்த்தாள், நான் விடவில்லை. இன்றைக்கு நானே கழற்றிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் இருந்த என் டேக்கையும் கழற்றி, வேறொன்று கட்டியிருக்கிறேன். பெயர் என்ற இடத்தில் மா. ராஜலட்சுமி என்று எழுதியிருக்கிறேன். தேதியைக் காலியாக விட்டிருக்கிறேன். மெஷின் நன்றாக ஓடும் நிலையில்தான் இருக்கிறது, ஆனால் இனி இந்த வீட்டில் யாரும் அதைத் தொட முடியாது. காலையில் உன் அம்மா படம் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு போய் உட்கார்ந்தாள். விதியைச் சொல்லி எழுப்பிவிட்டேன். திட்டிக்கொண்டே சிரித்துக்கொண்டு எழுந்து போனாள்.

வரும் ஞாயிறு மாப்பிள்ளையோடு வா. எட்டு மணியிலிருந்து கேட்டில் நிற்பேன்.

உன் அப்பா